பயணச் செலவு யார் தலையில்? லிப்டனின் பாய்க்கப்பலிலிருந்து லயத்து இளைஞனின் கப்பல் வேலை வரை

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டனிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்கப் பல மணித்தியாலம் ஆகும். ஆனாலும் மலையக இளைஞர்களின் கைத்தொலைபேசியில் கடல் அடிக்கடி வந்துபோகிறது. அது இரண்டு வடிவங்களில் வருகிறது.

முதலாவது வடிவம் யூடியூப் காணொளி. வேலையை விட்டு, வீட்டை விற்று, பாய்மரப் படகொன்றை வாங்கி, ஆண்டு முழுவதும் கடலிலேயே வாழும் தம்பதியரின் கதை. எல்லாக் காணொளிகளின் கீழும் பார்வையாளர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? இரண்டாவது வடிவம் விளம்பரம். ‘கப்பலில் வேலை, டொலரில் சம்பளம், முன் அனுபவம் தேவையில்லை’ என்று ஒரு தொலைபேசி இலக்கத்துடன் முகநூலில் வரும். அதன் கீழும் ஒரே கேள்விதான்: எவ்வளவு கட்ட வேண்டும்?

ஒன்று பொழுதுபோக்கு, மற்றது பிழைப்பு. இரண்டும் தொடர்பில்லாதவை போலத் தெரியலாம். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே பிரச்சினை. கடலில் வாழ்வதற்கான செலவை யார் கொடுப்பது? இந்தக் கேள்விக்கும் மலையகத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. உலகின் மிகப் பிரபலமான பாய்க்கப்பல் கனவுகளில் ஒன்றின் பின்னால் நம்முடைய தேயிலை இருக்கிறது.

லிப்டனின் ஐந்து தோல்விகள்

ஹப்புத்தளைக்கு மேலேயுள்ள ‘லிப்டன் சீட்’டுக்குப் போகாத உள்ளூர்ச் சுற்றுலாப் பயணிகள் குறைவு. கிளாஸ்கோவில் 1848இல் பிறந்து, 1871இல் அங்கேயே சிறு பலசரக்குக் கடை ஒன்றைத் திறந்த தோமஸ் லிப்டன், 1890இல் இலங்கைக்கு வந்தார். கோப்பி நோயால் அழிந்து தோட்டங்கள் மலிவாகக் கிடைத்த காலம் அது. தம்பேதென்ன உட்பட ஹப்புத்தளைப் பகுதியில் பல தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர் இல்லாமல் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு என்பதே அவருடைய விற்பனை முழக்கம்.

அவருடைய செல்வம் முழுவதும் தேயிலையில் வந்தது என்று சொல்ல முடியாது. இலங்கைக்கு வருவதற்கு முன்னரே அவர் பெரிய கடைக்காரர். ஆனால் அவர் பெயரை உலகச் சந்தையில் நிறுத்தியது தேயிலைதான். 1898இல் அவருடைய நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டில் அவர் ‘எரின்’ என்ற நீராவி உல்லாசக் கப்பலையும் வாங்கினார். அடுத்த ஆண்டே ‘அமெரிக்காஸ் கப்’ என்ற பாய்க்கப்பல் போட்டிக்குச் சவால் விட்டார்.

1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து தடவை ‘ஷம்ரொக்’ என்ற பெயரில் ஐந்து பாய்க்கப்பல்களைக் கட்டி நியூயோர்க் துறைமுகத்துக்கும் நியூபோர்ட்டுக்கும் அனுப்பினார். ஐந்து தடவையும் தோற்றார். அதிகபட்சமாக 1920இல் இரண்டு ஓட்டங்களை வென்று மூன்றில் தோற்றார். ஆனாலும் அமெரிக்கப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. தோற்றும் புன்னகை மாறாத மனிதர் என்ற பெயர் கிடைத்தது. 1930 தோல்விக்குப் பிறகு அமெரிக்கப் பொதுமக்களே பணம் சேர்த்து அவருக்குத் தங்கக் கிண்ணமொன்றைச் செய்து கொடுத்தார்கள். இங்கிலாந்தின் மேட்டுக்குடிப் பாய்க்கப்பல் கழகமோ, கடைக்காரர் என்பதால், இறப்பதற்குச் சற்று முன்னர் 1931இல்தான் அவரை உறுப்பினராக ஏற்றது.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இவை தோல்விகளே அல்ல. அமெரிக்காவில் ஒரு தேயிலைப் பெயருக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்காது. இன்று விளையாட்டு அனுசரணை என்று நாம் அழைக்கும் முறையை லிப்டன் நூறாண்டுகளுக்கு முன்னரே செய்துகாட்டினார். கப்பலுக்குத் தேயிலை வியாபாரம் பணம் கொடுத்தது. தேயிலை வியாபாரத்துக்குக் கப்பல் பெயர் கொடுத்தது.

இந்தக் கணக்கில் ஒரு வரி மட்டும் எப்போதும் விடுபட்டுப் போகிறது. லிப்டனின் முதலாவது ஷம்ரொக் அத்திலாந்திக்கைக் கடந்த காலத்தில், இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து எடுத்தவர்களின் கடற்பயணச் செலவை யார் கொடுத்தார்கள்?

கடனாக வந்த கடற்பயணம்

தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிய கங்காணி, வழிச்செலவுக்கும் கப்பல் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் முற்பணம் கொடுத்தார். அந்தப் பணம் தோட்டத்துரையிடமிருந்து கங்காணிக்கு வந்தது. தோட்டத்தில் கால் வைத்த நாளில் அது தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டது. அதாவது, தன்னை வேலைக்குக் கொண்டுவந்த செலவைத் தொழிலாளியே தன்னுடைய எதிர்கால உழைப்பிலிருந்து கட்டினார்.

அந்தக் கடனைக் காவல் காத்தது ‘துண்டு’ முறை. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். புதிய துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தோட்டம் மாறுமே தவிரத் தொழிலாளியை விட்டுப் போகாது. 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. லிப்டனின் ஐந்து பந்தயங்களில் நான்கு அதற்கு முன்னரே முடிந்துவிட்டன.

அதற்குப் பிறகும் கடல் நமக்குச் சுகமான நினைவாக இருக்கவில்லை. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பதென்றும் இரண்டு தலைநகரங்களும் தீர்மானித்தன. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குச் சென்ற கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்குப் பாக்குநீரிணை, பிறந்த மண்ணிலிருந்து வெளியேறும் வழியாக இருந்தது. 1984இல் அந்தச் சேவை நின்றது. 2023இல் மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணம், அந்தக் கடற்கரையிலிருந்து தொடங்கியது தற்செயலல்ல.

ஆகவே கடலில் சுதந்திரமாக வாழ்வது என்ற கனவை மலையகத்தில் பேசும்போது, பணத்தைப் பற்றிய கேள்வியை முதலில் கேட்பதுதான் நேர்மை.

இன்று கடலில் வாழ்பவர்கள் எப்படிப் பணம் தேடுகிறார்கள்?

முழுநேரமாகப் பாய்மரப் படகில் வாழ்பவர்களின் வருமான வழிகளை ஐந்தாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சேமிப்பு. வளர்ந்த நாடுகளில் வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ, ஓய்வூதியத்தைக் கொண்டோ கடலுக்குப் போகிறார்கள். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் காலியிலும் திருகோணமலையிலும் நங்கூரமிடும் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. படகை வாங்குவதோடு செலவு முடிவதில்லை. விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது படகுக்காரர்களிடையே வழங்கும் பொதுவான கணக்கு. உப்புத் தண்ணீர் கயிற்றையும் பாயையும் இயந்திரத்தையும் தின்றுகொண்டே இருக்கும்.

இரண்டாவது, பார்வையாளர்கள். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ரைலி வைட்லமும் எலைனா கரோசுவும் நடத்தும் ‘செய்லிங் லா வெகபொண்ட்’ இதற்குச் சிறந்த உதாரணம். 2019 நவம்பரில் காலநிலைச் செயற்பாட்டாளர் கிரேட்டா துன்பர்க்கை அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கல்லுக்குக் கொண்டுசென்றது இவர்களுடைய படகுதான். யூடியூப் விளம்பரமும் இரசிகர்கள் செலுத்தும் சந்தாவும் இவர்களுடைய வருமானம். ஆனால் முதற் படகு காணொளியால் வந்ததல்ல. எண்ணெய்க் கிணற்று மேடைகளில் பல ஆண்டுகள் வேலை செய்து சேர்த்த பணத்தில் ரைலி அதை வாங்கினார்.

மூன்றாவது, அனுசரணை. இந்தியக் கடற்படையில் இருந்து ஓய்வுபெற்ற அபிலாஷ் டோமி, தனியாக உலகைச் சுற்றும் ‘கோல்டன் குளோப்’ போட்டியில் 2018இல் இந்து சமுத்திரத்தில் முதுகெலும்பு முறிந்து மீட்கப்பட்டார். மறுபடியும் 2022இல் கிளம்பி 2023 ஏப்ரலில் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார். அந்தப் பயணத்துக்கு ஐக்கிய அரபு இராச்சியத்தைச் சேர்ந்த பயானத் நிறுவனம் பணம் கொடுத்தது. படகின் பெயரும் பயானத். லிப்டன் காட்டிய அதே வழி.

நான்காவது, அரசு. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் இந்தியக் கடற்படை அதிகாரிகள். 2024 ஒக்டோபர் 2ஆம் திகதி கோவாவில் இருந்து ‘தாரிணி’ என்ற பாய்மரக் கப்பலில் இருவர் மட்டும் கிளம்பி, உலகைச் சுற்றி, 2025 மே 29ஆம் திகதி திரும்பினார்கள். ஒரு தமிழ்ப் பெண் பாய்மரத்தில் உலகைச் சுற்றிவர முடிந்தது என்றால், அதற்குக் காரணம் திறமையும் துணிவும் மட்டுமல்ல. படகும் பயிற்சியும் மாதச் சம்பளமும் அரசாங்கத்தினுடையவை.

ஐந்தாவது, மற்றவர்களின் படகில் கூலிக்கு வேலை. அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்த அதே போட்டியில் முதலாவதாக வந்த தென்னாபிரிக்கப் பெண் கேர்ஸ்டன் நொய்ஷேபர், உரிமையாளர்களின் படகுகளைத் துறைமுகம் விட்டுத் துறைமுகம் ஓட்டிச்சென்று ஒப்படைப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர்.

இந்த ஐந்து வழிகளையும் தம்பேதென்னையிலோ நோர்வூட்டிலோ உள்ள ஒரு குடும்பத்துக்குப் பொருத்திப் பாருங்கள். விற்க வீடு இல்லை. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் குத்தகையாகப் போனது. நிலம் அரசுடையது, ஆட்சி கம்பனியுடையது. தலைமுறைகளாக வாழ்ந்தும் பெரும்பாலான லயன் அறைகளுக்கு உறுதி கிடையாது. உறுதி இல்லையேல் வங்கிக்குப் பிணை இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு இன்னொரு தடை. ஐரோப்பியக் கடவுச்சீட்டோடு ஒருவர் படகை எந்தத் துறைமுகத்தில் கட்டினாலும் பெரும்பாலும் இறங்கி நடக்கலாம். நமக்கு ஏறக்குறைய ஒவ்வொரு கரையிலும் விசா. காணொளிகளில் ‘துணிச்சல்’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி சொத்தும் கடவுச்சீட்டும்தான். துணிச்சல் லயத்திலும் இருக்கிறது. மற்ற இரண்டும்தான் இல்லை.

வல்வெட்டித்துறையின் பாடம்

இலங்கைத் தமிழருக்குப் பாய்மரம் அந்நியமானதல்ல என்பதற்கு வல்வெட்டித்துறையின் ‘அன்னபூரணி’ சாட்சி. உள்ளூர் மேஸ்திரிமார் 1930இல் வேப்பமரத்தில் கட்டிய கப்பல் அது. உலகை ஏற்கெனவே சிறு படகில் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் அதை விலைக்கு வாங்கி, தன் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு 1937இல் கிளம்பிய அந்தக் கப்பல் 1938 ஓகஸ்ட் முதலாம் திகதி அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

இந்தக் கதை வடக்கில் பெருமையோடு சொல்லப்படுகிறது. பெருமைக்குரியதுதான். கட்டியவர்கள் தமிழர், ஓட்டியவர்கள் தமிழர். ஆனால் பயணம் நடந்தது வாங்குவதற்கு ஒருவரிடம் பணம் இருந்ததால். திறமை ஒரு பக்கத்திலும் மூலதனம் இன்னொரு பக்கத்திலும் இருந்தன. மலையகத்தோடு ஒப்பிட்டால் வல்வெட்டித்துறைக்கு ஒரு மேலதிக வசதியும் இருந்தது: கடற்றொழிலைத் தந்தையிடமிருந்து மகன் கற்றான். நம்மிடம் அந்தப் பாரம்பரியமும் இல்லை. எல்லாவற்றையும் காசு கொடுத்துத்தான் கற்க வேண்டும்.

திறந்திருக்கும் ஒரே கதவு

அதனால் மலையக இளைஞர் ஒருவர் முழுநேரமாகக் கடலில் வாழ விரும்பினால், நடைமுறையில் திறந்திருக்கும் கதவு வணிகக் கப்பல் வேலைதான். உலகின் வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய 18.9 இலட்சம் மாலுமிகள் வேலை செய்கிறார்கள் என்று கப்பல் உரிமையாளர் அமைப்புகள் 2021இல் மதிப்பிட்டன. பிலிப்பைன்ஸ், ரஷ்யா, இந்தோனேசியா, சீனா, இந்தியா ஆகிய நாடுகளே அதிகம் பேரை அனுப்புகின்றன. 2024 மார்ச்சில் பால்டிமோர் பாலத்தில் மோதிய ‘டாலி’ கப்பல் கொழும்பை நோக்கிப் புறப்பட்டிருந்தது. அதிலிருந்த 21 மாலுமிகளில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர்.

ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். 2026 வரவுசெலவுத் திட்டத்தின்படி தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,750 ரூபாய். இதில் 1,550 அடிப்படை, 200 அரசாங்கம் கொடுக்கும் வரவுக் கொடுப்பனவு. மாதத்தில் 25 நாள் பெயர் விழுந்தால் 43,750 ரூபாய். அடிப்படைச் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் கையில் 40,650. கடன், சந்தா, தேயிலைத்தூள் என்று மற்றக் கழிவுகள் இதில் சேரவில்லை.

மறுபக்கத்தில், தேர்ச்சிபெற்ற மாலுமிக்கான குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமாக சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் கடல்சார் ஆணைக்குழு 2026 ஜனவரியிலிருந்து 690 டொலரை நிர்ணயித்திருக்கிறது. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 2,07,000 ரூபாய். இது மேலதிக நேரம் சேராத தொகை. தோட்டச் சம்பளத்தின் ஐந்து மடங்கு. ஆனால் முதற்தடவை கப்பல் ஏறுபவருக்கு இந்தத் தொகை கிடைக்காது. பயிலுநராகக் குறைந்த சம்பளத்தில் தொடங்கி, குறித்த கடற்சேவைக் காலத்தை முடித்த பிறகே ‘தேர்ச்சிபெற்ற மாலுமி’ ஆக முடியும். விளம்பரங்கள் இந்த இடைவெளியைச் சொல்வதில்லை.

கப்பல் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியவையும் பல. உயிர்தப்பும் முறை, தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பு ஆகிய அடிப்படைப் பயிற்சிகள், கப்பற் பாதுகாப்பு விழிப்புணர்வுச் சான்றிதழ், கண்பார்வையும் நிறக்குருடும் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை, மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு, வேலைக்குப் போதுமான ஆங்கிலம். பயிற்சி நிறுவனங்கள் கொழும்பிலும் கரையோர மாவட்டங்களிலும் இருப்பதால், மலையகத்தவருக்குப் பயிற்சிக் கட்டணத்தோடு தங்குமிடச் செலவும் சேர்கிறது.

இந்தப் பணம் எங்கிருந்து வரும்? அம்மாவின் நகை அடகுக்கு, சீட்டுக் காசு, மத்திய கிழக்கில் இருக்கும் அக்காவின் அனுப்புகை, கடைசியில் வட்டிக்காரர். ஓர் உதாரணத்துக்கு 5 இலட்சம் ரூபாயை மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டியில் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மாத வட்டி 15,000. அது கொழுந்து எடுக்கும் தாயின் ஏறக்குறைய ஒன்பது நாள் சம்பளம். பயிற்சி முடிந்து கப்பலுக்காகப் பத்து மாதம் காத்திருந்தால், ஒரு நாள்கூடக் கடலைப் பார்க்காமலே 1,50,000 ரூபாய் வட்டி. 2025 நவம்பரில் டித்வா புயலும் மண்சரிவும் மலையகத்தைப் புரட்டிப்போட்ட பிறகு, பல குடும்பங்களில் இருந்த கொஞ்ச நஞ்சச் சேமிப்பும் போய்விட்டது. கடன்தான் முதல் வழியாகிறது.

எதற்குப் பணம் கேட்கலாம், எதற்குக் கேட்கக் கூடாது?

மிகக் குறைவாகப் பேசப்படும் விடயம் ஒன்று இங்கே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தை இலங்கை 2017இல் ஏற்று உறுதிப்படுத்தியது. மாலுமியை வேலைக்குச் சேர்ப்பதற்கான எந்தக் கட்டணத்தையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ மாலுமியிடமிருந்து அறவிடக் கூடாது என்பது அந்தச் சமவாயத்தின் விதி. மருத்துவச் சான்றிதழ், நாட்டின் மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு போன்ற பயண ஆவணம் ஆகியவற்றின் செலவை மட்டுமே மாலுமி ஏற்கலாம். விசாவுக்கான செலவுகூடக் கப்பல் உரிமையாளருடையது. ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்பும் செலவும் உரிமையாளருடையதே. அதற்காக முன்பணம் கேட்பதும் தடை.

பயிற்சிக் கட்டணம் வேறு, வேலை பெற்றுக்கொடுக்கும் கட்டணம் வேறு. பயிற்சி நிறுவனம் பாடநெறிக்குப் பணம் வாங்குவது இந்தத் தடைக்குள் வராது. சிக்கல் தொடங்குவது இரண்டையும் ஒரே தொகையாகக் கட்டும்போதுதான். ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு, கப்பல் நிச்சயம்’ என்று ஒருவர் சொன்னால், அந்தத் தொகையில் எவ்வளவு பாடநெறிக்கு, எவ்வளவு வேலைக்கு என்று எழுத்தில் கேட்பது ஒவ்வொரு பெற்றோரின் உரிமை. வேலைக்கு என்று ஒரு சதம் இருந்தாலும் அது சமவாயத்துக்கு எதிரானது. பற்றுச்சீட்டுக் கொடுக்கத் தயங்குபவரிடம் நகையை அடகு வைத்த பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆட்சேர்ப்பு முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதை வணிகக் கப்பற்துறைப் பணிப்பாளர் நாயகத்தின் அலுவலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம்.

கங்காணி முற்பணத்துக்கும் இன்றைய முகவர் கட்டணத்துக்கும் இடையில் உள்ள ஒற்றுமையை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். தன்னை வேலைக்குக் கொண்டுசெல்லும் செலவைத் தொழிலாளியே கடனாகச் சுமப்பதுதான் இரண்டிலும் நடப்பது. அன்று கங்காணியின் கணக்குப் புத்தகம், இன்று அடகுக்கடைச் சீட்டு. வேறுபாடு ஒன்றுதான். அன்று சட்டம் கடன்கொடுத்தவர் பக்கம் நின்றது. இன்று எழுத்தளவிலாவது தொழிலாளி பக்கம் நிற்கிறது. அந்த எழுத்தை அறியாதவருக்கு அது இல்லாததற்குச் சமம்.

கப்பல் ஏறிய பிறகு

கடன் இருந்தால் கப்பலைத் தெரிவுசெய்யும் சுதந்திரம் இல்லை. எந்தக் கப்பல் முதலில் கிடைக்கிறதோ அதில் ஏற வேண்டும். அங்கேதான் ஆபத்து கூடுகிறது. சர்வதேச போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்கின்படி 2024இல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் உரிமையாளர்களால் கைவிடப்பட்டார்கள். சம்பளமும் சாப்பாடும் எரிபொருளும் இன்றி ஏதோ ஒரு துறைமுகத்தில் நங்கூரத்தோடு கட்டிவைக்கப்பட்ட வாழ்க்கை அது. கப்பலை விட்டு இறங்கினால் சம்பளப் பாக்கி போய்விடுமோ என்ற பயத்தில் மாதக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு.

இதற்கும் சமவாயத்தில் வழி இருக்கிறது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் கொடுக்கப்படாவிட்டால் அது கைவிடலாகக் கருதப்படும். 2017இலிருந்து நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, கப்பல் உரிமையாளர் முன்கூட்டியே நிதிப் பாதுகாப்பு வைத்திருக்க வேண்டும். அதிலிருந்து நான்கு மாதம் வரையிலான சம்பளப் பாக்கியும் வீடு திரும்பும் செலவும் கிடைக்க வேண்டும். அந்தக் காப்புறுதிச் சான்றிதழ் கப்பலில் எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

கடற்கொள்ளை இன்னொரு ஆபத்து. 2017 மார்ச்சில் சோமாலியக் கரைக்கு அப்பால் கடத்தப்பட்ட ‘அரிஸ் 13’ கப்பலில் இருந்த எட்டு மாலுமிகளும் இலங்கையர். சில நாட்களில் விடுவிக்கப்பட்டார்கள். செங்கடலில் 2023 இறுதியிலிருந்து வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டதும் நமக்குத் தெரியும். காணொளிகளில் தெரியும் நீலக் கடலும் இதே கடல்தான்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன 2021 மதிப்பீட்டில் உலக மாலுமிகளில் பெண்கள் 1.28 வீதம் மட்டுமே. மலையகத்திலிருந்து பெண்கள் வீட்டுப் பணியாளராக மத்திய கிழக்குக்குப் போவதை இயல்பாக ஏற்கும் நாம், கடலுக்குப் போவதை நினைத்தும் பார்ப்பதில்லை. ரூபாவின் பயணம் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்: பயிற்சியும் சம்பளமும் நிறுவனம் ஒன்றின் பொறுப்பாக இருந்தால், யார் போகலாம் யார் போகக் கூடாது என்பதை அப்போதும் நாமா தீர்மானிப்போம்?

என்ன செய்யலாம்?

எல்லோரும் கப்பலுக்குப் போக வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதமல்ல. போக விரும்புபவர் கடனடிமையாகப் போகக் கூடாது என்பதுதான். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. சில நடைமுறை மாற்றங்கள் போதும்.

முதலில், பயிற்சிக்கான கடன். நில உறுதி கேட்காத, முதற் கப்பல் ஏறிய பிறகு சம்பளத்திலிருந்து கழிக்கப்படும், குறைந்த வட்டிக் கடன் ஒன்றை அரச வங்கிகள் அறிமுகப்படுத்தலாம். கப்பல் கிடைக்கும் வரை வட்டி ஓடக் கூடாது. வட்டிக்காரரின் பிடி இருப்பது அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான்.

இரண்டாவது, தகவல். அனுமதி பெற்ற ஆட்சேர்ப்பு முகவர்களின் பட்டியலும், மாலுமியிடம் எதற்குப் பணம் கேட்கக் கூடாது என்ற விதியும் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை பிரதேச செயலகங்களில் தமிழில் தொங்க வேண்டும். ஒரு ஏ4 தாள் போதும். தோட்டப் பாடசாலைகளின் தொழில் வழிகாட்டல் ஆசிரியர்களிடமும் அது இருக்க வேண்டும்.

மூன்றாவது, மொழி. கப்பல் வேலையில் தோற்பவர்களில் பலர் கடலுக்குத் தோற்பதில்லை. ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் தோற்கிறார்கள். விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறை உள்ள தோட்டப் பாடசாலைகளைச் சரிசெய்யாமல் இந்தக் கதவைத் திறந்தும் பயனில்லை.

நான்காவது, தொழிற்சங்கங்கள். மலையகத் தொழிற்சங்கங்களின் கவனம் நாட்சம்பளத்தில் நின்றுவிட்டது. ஆனால் சந்தா கட்டும் தாயின் மகன் இன்று கொழும்புக் கடையிலோ கட்டார் கட்டுமானத்திலோ கப்பலிலோ இருக்கிறான். பிலிப்பைன்ஸ் 2024 செப்டெம்பரில் தன் மாலுமிகளின் உரிமைக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. மாலுமிகளின் வாக்கும் அனுப்புகையும் அங்கே அரசியலாகியிருக்கின்றன. இங்கே அனுப்புகை மட்டும் பொருளாதாரம். அனுப்புபவர் யாருடைய பொறுப்பும் அல்ல.

படகில் வாழும் கனவைக் கேலி செய்வது எளிது. ‘சோற்றுக்கே வழியில்லை, இதில் பாய்மரமா’ என்று கேட்கலாம். ஆனால் அந்தக் கனவு காணும் உரிமை லிப்டனுக்கு மட்டும் இருந்ததல்ல. அவருக்கு இருந்தது அதற்குக் கொடுக்கப் பணம். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஹப்புத்தளை மலையில் கொழுந்தாகப் பறிக்கப்பட்டது. பறித்தவர்கள் கடல் தாண்டி வந்த செலவைத் தாங்களே கட்டியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளை ஒருவர் இன்று கப்பல் ஏறும்போது, அந்தப் பயணத்துக்கான செலவை மறுபடியும் அவர் தலையிலேயே கட்டக் கூடாது. சட்டத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதை நடைமுறையாக்கச் சொல்லிக் கேட்பது, நாட்சம்பளத்துக்காகக் கேட்பதைப் போலவே ஒரு தொழிற்சங்கக் கோரிக்கை.